ரேஷன் அரிசியில் வளர்ந்த தொப்பை

என் கையெழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டுப் போகலாமே என்றால், நாலு பேர் முன்னால் பேச நின்றாலே எனக்கு வியர்த்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்து எடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. ஆனால் என்னைப் பார்க்கிறவர்கள், நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்றுதான் நினைப்பார்கள். அச்சுகள் அடுக்கிய சந்தில் நான் நுழைந்துவிட்டால் எதிரில் வருகிறவர் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்.

கால் விரலில் வந்த புண் ஆறவில்லை என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரை என்றார்கள். மாத்திரை கொடுத்த சிஸ்டர் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சோத்தக் கொறைங்க. காய்கறி, பயறு, முட்டை சேத்துக்குங்க. காலைல நடங்க. ஒரு மாசம் பாப்போம். எறங்கலன்னா ஊசிதான், தெனம் நீங்களே போட்டுக்கணும்."

எனக்கு ஊசியில் பயமில்லை. வெளியே வரிசையில் நின்ற ஒருவர், "அந்த மருந்த ஃப்ரிட்ஜ்லதாங்க வைக்கணும், இல்லன்னா கெட்டுப்பூடும்" என்றார். அதில்தான் கதிகலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. மாடியில் வீட்டுக்காரம்மாவிடம் இருக்கிறது. தினமும் மாடியேறிக் கதவைத் தட்டி, அவர்கள் வீட்டுப் பாலுக்கும் தக்காளிக்கும் நடுவிலிருந்து என் மருந்தை எடுத்து வர வேண்டும். வாடகை கொடுக்கவே மனைவியை அனுப்புகிற ஆள் நான். எப்படியாவது ஒரு மாதத்துக்குள் சர்க்கரையை இறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மனைவி சோற்றைப் பாதியாக்கினாள். அவளும் என்னைப் போலப் பெருத்தவள்தான், ஆனால் ரத்தம் இல்லை என்று அவளுக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ரேஷன் கடையில் அரிசி சும்மா கிடைக்கிறது. கத்தரிக்காயை யாரும் சும்மா தருவதில்லை. குறைக்கச் சொன்னதைக் குறைத்துவிட்டோம், சேர்க்கச் சொன்னதை மட்டும் சேர்க்க முடியவில்லை.

பதினொரு மணிக்கே வயிறு கத்த ஆரம்பித்துவிடும். அந்த நேரத்துக்குப் பட்டறைக்கு டீ வரும். எல்லாருக்கும் ஒரே கேன், சர்க்கரை போட்டே வரும். எனக்கு மட்டும் தனியாக வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. பசிக்கு இரண்டு டம்ளர் குடித்தேன்.

சின்ன வயதில், மல்லாட்டை பிடுங்கிக் கடலை ஆயும் வேலை முடிந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரியும். சோறு கண்ணில் பட்டால் அடுத்த வேளைக்கும் சேர்த்துச் சாப்பிட அப்போதே பழகிவிட்டேன். இப்போது அடுத்த வேளைச் சோறு தவறாமல் வருகிறது. பழக்கம்தான் போகவில்லை.

ஒரு நாள் அச்சைத் தூக்கும்போது தலை சுற்றி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பொம்மைக்கு வண்ணம் தீட்டும் அக்கா ஓடி வந்தார்.

"என்னண்ணே, சாப்ட்டது செரிக்கலியா?"

"பசிங்க" என்றேன்.

"பசியா! ஒங்களுக்கா!"

பட்டறையே சிரித்தது. என் உடம்பை நானும் ஒரு தடவை குனிந்து பார்த்தேன். அவர்கள் சிரித்ததில் தப்பில்லை என்று தோன்றியது. நானும் சிரித்துவிட்டு எழுந்தேன்.

நடக்கவும் செய்தேன். விடிந்ததும் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவேன். அங்கே நடப்பவர்கள் பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர்கள், வெள்ளை ஷூ போட்டவர்கள். ஒரு சார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"புதுசா இருக்கீங்களே, என்ன பண்றீங்க?"

"பீங்கான் கம்பெனிங்க..." கூலி வேலை என்ற பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"ஓனரா? ஒடம்பே சொல்லுதே!"

அன்றிலிருந்து அவர்களுக்கு நான் முதலாளி. நடந்து முடித்ததும் எல்லாரும் டீக்கடைக்குப் போய் வடை சாப்பிடுவார்கள்.

"இன்னொண்ணு எடுத்துக்குங்க முதலாளி. நாளைக்கு ஒரு ரவுண்டு கூட நடந்தா கரைஞ்சிடும்."

வேண்டாம் என்று சொல்லவும் வாயைத் திறக்க வேண்டுமே. திறந்த வாயில் வடை போய்விட்டது. உண்மையைச் சொன்னால், அந்த மாதத்தில் நான் வயிறு குளிரச் சாப்பிட்டது அங்கேதான். ஆளுக்கு ஒரு நாள் வாங்கித் தருவது அவர்கள் வழக்கம். ஒரு நாள், "நாளைக்கு நம்ம முதலாளி முறை" என்று யாரோ சொன்னார். அதோடு என் நடைப்பயிற்சி முடிந்தது.

மாதம் முடிந்து மனைவியோடு போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை இறங்கவில்லை, ஏறியிருந்தது.

"என்னதாங்க சாப்ட்டீங்க?" என்றார் சிஸ்டர்.

சோறு, டீ, வடை என்று வரிசையாகச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போய், டாக்டரிடம் ஊசி மருந்து எழுதி வாங்கி வந்தார். நான் இடத்தை விட்டு நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"இன்னும் என்ன?"

"வூட்ல ஃப்ரிட்ஜ் இல்லைங்க." அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"அதுக்கா இப்படி முழிக்கிறீங்க? ஒரு மண்பானைல ஈர மணல் போட்டு, மருந்த டப்பாவுக்குள்ள வச்சு அதுல வைங்க. நெழல்ல இருக்கணும். இங்க பாதிப் பேரு அப்படித்தான் வச்சிருக்காங்க."

பக்கத்தில் இருந்த என் மனைவி, "ஏங்க, இதுக்கா ஒரு மாசமா பேயறஞ்ச மாதிரி இருந்தீங்க? கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாங்கல்ல?" என்றாள்.

நாள் முழுக்க மண்ணில் கை வைக்கிறவனுக்குப் பானை ஞாபகம் வரவில்லை. அன்றைக்கே வாங்கினோம்.

சிஸ்டர் இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். ஊசி போட்டால் கண்டிப்பாகச் சாப்பிட வேண்டுமாம், பட்டினி கிடக்கவே கூடாதாம். இந்த உடம்பைப் பார்த்துப் பட்டினி என்ற வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

இன்று காலை முதல் ஊசி. வயிற்றில் போடச் சொல்லியிருந்தார்கள். இடம் தேடிக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. மனைவி தட்டை வைத்தாள். அரிசிச் சோறு, ரசம், அவள் பங்கையும் சேர்த்து எனக்கே வைத்திருந்த ஒரு முட்டை. பாதியை அவள் தட்டில் தள்ளினேன். எனக்கு வேண்டாம் என்றாள். தின்னாவிட்டால் உனக்கும் ஒன்று என்று ஊசியைக் காட்டினேன், தின்றாள்.

ஆவணி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.