கழி இல்லாத தோட்டம்

ரங்கூன் ஓவியக்கூடத்துக்காரர்கள் இன்லே ஏரிக்காரியான ஓவியர் யமினின் படங்களுக்கு ஒரே சொல்தான் வைத்திருந்தார்கள்: கனவு. புதிய படத்தில் தக்காளித் தோட்டம் ஒன்று வானத்தில் மிதந்தது. அதன்மேல் ஒரு சிறுமி பூனையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். வேறென்ன சொல்வார்கள், பாவம்! இன்லே ஏரியில் தோட்டங்கள் மிதப்பது அவர்களுக்கும் தெரியும், சுற்றுலா வந்து போட்டோ எடுத்த அளவுக்கு.

யமினுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கனவா? எங்க ஊர்க்காரங்க சொல்லட்டும். அவங்களும் அப்படிச் சொன்னா இந்தப் படத்தைக் கண்காட்சியில வைக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஆறடிப் படத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஐந்து நாளைக்கொருமுறை கூடும் சந்தையன்று, படகுத்துறையில் அதை விரித்து மாட்டினாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலில் வாயைத் திறந்தவர் படகோட்டி ஊ மியா. ஏரியில் அவர் குறை சொல்லாத ஆளே கிடையாது. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, கழி எங்க? காத்துல நகராம இருக்க ஏரியடி வரைக்கும் நாலு மூங்கிலை இறக்காம எவனாவது தோட்டம் போடுவானா? ரங்கூன் போயி எல்லாத்தையும் மறந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். யமின் படத்தைச் சுருட்டக் கை நீட்டினாள். இவர்களே கைவிட்டால் அப்புறம் அந்தப் படம் யாருக்கு?

கூட்டத்தை இடித்துக்கொண்டு தக்காளிக் கூடையோடு வந்தாள் அக்கரை ஊர் டாவ் ஃப்யூ. படத்தைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தாள்.

"கழி இருந்தா இந்த யமின் எப்படிய்யா எங்க ஊருக்கு வந்திருப்பா? எட்டு வயசுல தோட்டத்துலயே படுத்துத் தூங்கிட்டா. காத்து கழியைப் பிடுங்கிடுச்சு. விடிஞ்சு பாக்குறேன், தண்ணிக்குள்ள நிக்கிற என் அடுப்படித் தூண்ல வந்து முட்டி நிக்குது தோட்டம்! பூனைகூட இதே பூனைதான்."

"அது சரி, வானத்துல எதுக்குப் பறக்குது?" விடுவாரா ஊ மியா?

"விடியக்காலம் ஏரியைப் பாத்ததே இல்லியா? எது தண்ணி, எது வானம்னு சொல்லும், பாப்போம்!"

அவ்வளவுதான். ஆளாளுக்குத் தங்கள் தோட்டம் காற்றோடு போன கதையைப் படத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். கனவு என்ற பேச்சு ஒருவர் வாயிலும் வரவில்லை. யமினுக்கு நின்ற இடத்திலேயே குதிக்கவேண்டும் போலிருந்தது.

யமின் கிளம்பும்போது ஊ மியா இரண்டு மூங்கில் கழிகளை அவள் ஏறிய படகில் போட்டார். "படத்தைத் திருத்தாதே. இதுல இழுத்துக் கட்டு. இல்லன்னா அது ரங்கூன்லயும் நிக்காது."

அப்படியேதான் கட்டினாள். கண்காட்சி முழுக்க அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம் முண்டியடித்தது. கூடத்துக்காரர் ஒட்டியிருந்த 'கனவு' என்ற சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, யமின் தன் கையாலேயே எழுதி ஒட்டினாள்: 'டாவ் ஃப்யூவின் அடுப்படிக்குப் போகும் வழி.'