சூளைச் சுவரில் ஈரக் கை

கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் திரௌபதியைக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கும் மணி, நிமிடத்தோடு சொல்வாள். பதினெட்டு வருடமாகச் சூளையில் பீங்கான் அடுக்குகிறவள். இருட்டுக்கும் பயப்பட மாட்டாள், முதலாளிக்கும் பயப்பட மாட்டாள். அவளுக்கு இருந்த ஒரே பயம் மகள் இளமதியைப் பற்றியதுதான். அந்தப் பெண் சேலம் பக்கம் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தாள்.

போன மார்கழி. காலை 6.40. எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனி. திரௌபதி ஷெட்டுக்குள் நுழைந்தபோது, எரிகிற சூளையின் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கவாட்டில் தெரிந்தது, மகளைச் சேர்க்கப் போனபோது பார்த்த முகம்தான். விமானம் ஓட்டச் சொல்லித்தரும் ஆனந்தராஜ் சார்.

"சார்... நீங்க எங்க இங்க?"

"இளமதி இங்க வந்துட்டாளாம்மா?" அவர் திரும்பவில்லை. "தேடிக்கிட்டே இருக்கேன். பனியில ஒண்ணும் தெரியல."

திரௌபதி அங்கேயே நின்று மகளுக்கு போன் போட்டாள்.

"சொல்லும்மா. ரெடியாவுறேன். ஏழரைக்கு ஃப்ளைட்டு ஏறணும்."

"உங்க சாரு... எங்கடி?"

"இதோ, பக்கத்துல டீ குடிச்சிட்டு இருக்காரு. ஏன்?"

திரௌபதி நிமிர்ந்தாள். சுவரோரம் யாரும் இல்லை.

ஈரக் கைத்தடம் இரண்டு மட்டும் இருந்தது. அந்தச் சுவரில் தண்ணீர் தெளித்தால் நொடியில் காய்ந்துவிடும். இது காயவில்லை. கேஸில் எரிகிற சூளையில் பெட்ரோல் வாடை வேறு...

"எனக்கு நெஞ்சு வலிக்குது பாப்பா. இப்பவே பஸ் ஏறி வூட்டுக்கு வா."

பொய்தான். இளமதி பதறிப்போய்க் கிளம்பினாள். 'அவரையும் போவ வேணாம்னு சொல்லு' என்று சொல்லத்தான் திரௌபதிக்கு வாய் வரவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள் என்று தோன்றியதாம். அதை நினைத்து இன்றும் அழுகிறாள்.

மணி 8.15. மனசு கேட்காமல் மறுபடி போன் போட்டாள். பஸ் ஆத்தூரைக்கூடத் தொட்டிருக்காது. மகள் எடுத்தாள். தூக்கக் குரல்.

"இதோ வந்துட்டேன் சார்..."

"பாப்பா, நான்தான். அம்மா."

"ம்ம்... தூங்கிட்டேம்மா."

பத்து மணிக்குச் செய்தி வந்தது. சார் தனியாக விமானத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஓடுதளத்தில் நல்ல வெயில். கல்வராயன் மலைமேல் பனி. 7.52-க்கு மலைச் சரிவில் மோதிவிட்டது. மோதிய நொடியிலேயே உயிர் போயிருக்கும் என்றார்கள் டாக்டர்கள்.

பத்தாம் நாள் திரௌபதி தனியாக அந்த மலைக்குப் போனாள். விமானம் விழுந்த இடத்தை முதலில் பார்த்தவர் தங்கராசு, அங்கே ஆடு மேய்ப்பவர்.

"பனிக்குள்ளேருந்து ஒரு ஆம்பள கூப்ட்டுக்கிட்டே இருந்தாருங்க. இளமதி, இளமதின்னு. கீழ எட்டேகால் பஸ்ஸு ஹாரன் அடிச்சுது. அப்பவும் கூப்ட்டாரு."

"அப்புறம்?"

"ஒரு பொண்ணு பதில் சொல்லுச்சுங்க. இதோ வந்துட்டேன் சார்னு. போயி பாத்தா அவரு மட்டுந்தான் கெடக்குறாரு..."

பஸ்ஸில் மகள் சொன்னதைத் திரௌபதி அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

இளமதி இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். பனி இறங்கும் காலைகளில் திரௌபதி வேலைக்குப் போவதில்லை. மகள் கையைப் பிடித்தபடி எட்டேகால் தாண்டும்வரை உட்கார்ந்திருக்கிறாள்.

தூங்க மட்டும் விடுவதில்லை.