நிக்கல் ரிவால்வரில் ஒரு பழுப்புப் புள்ளி

பழைய லாரி பார்க்கப் போனால் நான் பெயின்டின் பளபளப்பை நம்புவதில்லை. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வருவேன். துருவைப் பட்டி பூசி மறைத்த இடத்தில் சத்தம் மாறும். அங்கேயே நின்று பேரத்தை ஆரம்பித்துவிடுவேன். வில்லாபுரத்தில் மூன்று லாரிகளை ஓட்டிக் காலம் தள்ளும் பொம்பளைக்கு இந்தச் சந்தேக புத்திதான் துணை. அதே புத்தியோடுதான் போன வருஷம் ஒரு ரிவால்வர் வாங்கப் போனேன்.

ஆசைக்கு இல்லை. எங்கள் லாரி ஷெட் இருக்கும் இடத்தின் மேல் ஒருத்தனுக்குக் கண். ஒருநாள் ஆட்களோடு வந்து, என் மகள் பார்க்க, ஒரு பொம்பளையிடம் சொல்லக் கூடாததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனான். கேஸ் போட்டேன். எனக்குக் கேஸ் போதவில்லை. மனு, விசாரணை, அறிக்கை என்று அலையாய் அலைந்து லைசென்ஸ் வாங்கினேன். தற்காப்புக்கு என்று மனுவில் எழுதியிருந்தேன். மனசுக்குள் இருந்தது வேறு. எனக்கு முன்கோபம் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும், லைசென்ஸ் கொடுத்தவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

டவுனில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் பாய் போன் செய்தார். "அக்கா, பழசு ஒண்ணு வந்துருக்கு. நேர்ல வந்து பாருங்க, அசந்து போவீங்க."

அது கீழக்குயில்குடியில் ஒரு விவசாயக் குடும்பத்தின் ரிவால்வர். வைத்திருந்தவர் இறந்துவிட்டார். மகன் வெளிநாட்டில் இருக்கிறான், அவனுக்கு வேண்டாமாம். லைசென்ஸ் இல்லாத வீட்டில் வைக்கக் கூடாது என்பதால் பாயிடம் ஒப்படைத்திருந்தார்கள். அந்த மாதத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் அரசாங்கத்திடம் கொடுத்துவிடுவதாக முடிவு. கொடுத்தால் உடைத்து உருக்கிவிடுவார்கள் என்று பாய் சொன்னார். இறந்தவரின் மனைவி கையெழுத்துப் போட வந்து, ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். மடியில் மஞ்சப்பை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் துணியைப் பிரித்தார். நான் கிட்டே குனிந்தேன்.

பம்பரில் பூசும் குரோமியத்தை நான் தினமும் பார்க்கிறேன். அது நீலம் கலந்த வெள்ளை, கண்ணைக் குத்தும். இது நிக்கல் பூச்சு, பாலில் ஒரு சொட்டு டீ விட்ட நிறம். டியூப்லைட்டும் பாயின் தாடியும் என் மூக்குத்தியும் அதற்குள் அமைதியாகக் கிடந்தன. பாய் அதை நடுவில் மடித்துத் திறந்து, ஆறு அறைகளும் காலி என்று காட்டிவிட்டு என் கையில் கொடுத்தார். உள்ளங்கையில் ஒரு குளிர்ச்சி. இம்புட்டுச் சின்னதுக்குள் இம்புட்டுக் கனமா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

ஆனாலும் புத்தி போகுமா? மறுபூச்சு போட்டிருப்பார்களோ என்று லென்ஸை வாங்கிப் பார்த்தேன். பூச்சு போடுமுன் தேய்த்திருந்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். இதில் குழல் மேலிருந்த ஒவ்வொரு எழுத்தும் நேற்று வெட்டியது மாதிரி கூராக இருந்தது. விசையும், பின்னால் மடங்கும் குதிரையும் பழைய நீலக் கருப்பிலேயே இருந்தன. அவசரத்தில் மறுபூச்சு போடுகிறவன் அதையெல்லாம் கழற்றி வைக்க மாட்டான். குதிரையை இழுத்துவிட்டு, தோட்டா போடும் உருளையை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பாய் குழலுக்குள் டார்ச் அடித்துக் குனிந்தவர் சட்டென்று நிமிரவில்லை.

"சுபஹானல்லாஹ்! கம்பெனில சோதிக்கச் சுட்டதுக்கப்புறம் யாரும் இதுல சுட்ட மாதிரியே தெரியல அக்கா."

நான் எதிர்ச் சுவரைக் குறிபார்த்தேன். சுவரில், ஷெட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போன அவன் முகம் வந்து நின்றது. கை நடுங்கவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது.

கீழே இறக்கும்போதுதான் கண்ணில் பட்டது. இடது பக்கம், கைப்பிடிக்கு மேலே, ஒரு மிளகு அளவுக்கு நிக்கல் போய்ப் பழுப்பாக ஒரு புள்ளி. எனக்குள் இருந்த லாரிக்காரி முழித்துக்கொண்டாள். "என்ன பாய், துருப்பிடிச்சதைத் தலையில கட்டுறீங்களா?"

"அந்த எடத்துக்கு மட்டும் பூச்சு வச்சுத் தாரேன் அக்கா" என்றார் பாய்.

அந்த அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "அது துரு இல்ல தாயி. குங்குமம்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"ஆயுத பூசையன்னைக்கு எங்க வீட்டுக்காரவுக ஏரு, மம்பட்டி, மோட்டாரு எல்லாத்துக்கும் பொட்டு வச்சு, நல்லா வேலை செய்யணும்னு கும்பிடுவாக. கடைசியா இத எடுத்து, அதே எடத்துல பொட்டு வச்சு, 'இந்த வருசமும் ஒனக்கு வேலை வந்துரக் கூடாது சாமி'ம்பாக. என் மாமனார் காலத்துல இருந்தே அப்படித்தான். குங்குமம் அரிச்சுப்புருச்சு."

"வேலை வரவே இல்லையா?" என்றேன்.

"வந்துச்சே. வாய்க்காத் தகராறுல இவுக கூடப்பொறந்த தம்பியே அருவாளோட வாசல்ல வந்து நின்னாரு. இவுக பீரோவத் தொறந்து இத எடுத்தாக. பொட்டத் தடவிப் பாத்தாக. திரும்ப வச்சுப் பூட்டிட்டு வெறுங்கையோட வெளிய போனாக. தோள்ல பதினோரு தையலு." தன் தோளில் கோடு இழுத்துக் காட்டினார். "போன வருசம் இவுக போனப்போ, பாடையத் தூக்குனதுல இருந்து கருமாதி வரைக்கும் எல்லாம் அந்தத் தம்பிதான்."

பாய் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டார். நான் அந்தப் புள்ளியைக் கட்டைவிரலால் தடவினேன். இரண்டு தலைமுறை விரல் பட்டு லேசாகப் பள்ளமாகியிருந்தது. கையில் இருந்தது கனத்தது. பூச்சு வேண்டாம் என்று பாயிடம் சொன்னேன். பேரமும் பேசவில்லை. என் வாழ்நாளில் பேரம் பேசாமல் வாங்கிய பொருள் அது ஒன்றுதான்.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொட்டு வச்சுரு தாயி, மறந்துராத."

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஷெட்டில் மூன்று லாரிகளுக்கும் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, லோடு நிறையக் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பூசணிக்காய் உடைத்தோம். டிரைவர்கள் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். அன்று காலையில்தான், ஷெட் இடத்தின் மேல் கண் வைத்தவன் தன் புல்லட் பைக்கை வாசலில் மெதுவாக்கி, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருந்தான்.

பழுப்புப் புள்ளியின் மேல் குங்குமத்தை வைத்தேன். இந்த வருசமும் ஒனக்கு வேலை வந்துரக் கூடாது சாமி என்று சத்தமாகச் சொன்னேன். ஒரு தரம் சொன்னது எனக்குப் போதவில்லை. மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் பீரோவைப் பூட்டினேன்.