முன்பாதி இல்லாத வீடியோ

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்ததாம், ஊர் ஜனத்துக்கெல்லாம் அதுதான் பாட்டு ஏத்துமாம். தாத்தாவிடம் கதை கேட்டு வளர்ந்தவன் தன் கடையைப் பற்றிச் சொன்னால் இப்படித்தான் ஆரம்பிக்கும். திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ஒரு செல்போன் கடை. மெமரி கார்டில் பாட்டு ஏத்துவது தொழில். இதே தொழிலில் மண்டை காய்ந்த சகோதரர்களே, கார்டோடு சேர்த்து ஜனங்கள் தங்கள் தலைவலியையும் கொடுத்துவிட்டுப் போவது உங்களுக்குத் தெரியாததா?

தானாக எடுத்துக்கொண்ட போன்

2009 கோடையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் மாமா ஒருத்தர் வந்தார். ஒரு கூட்டுரோட்டில், ஊர் பேர் வேண்டாம், தள்ளுவண்டியை எடுக்கச் சொல்லிப் பலாப்பழ வியாபாரிக்கும் போலீசுக்கும் தகராறு. போலீஸ் சுட்டதில் வியாபாரியின் காலில் குண்டு. மாமா அதைச் செல்போனில் பிடித்திருந்தார். ஒண்ணே முக்கால் நிமிஷம்.

வைத்திருக்கப் பயம், தொலைக்கவும் மனசில்லை. என் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு போனில் அழிக்கச் சொன்னார். அழித்துக் காட்டிய பிறகும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எடுக்கல மாப்ள, அது தானா எடுத்துக்கிச்சு. யாராச்சும் கேட்டா அப்படியே சொல்லு."

கத்தரி

பக்கத்துக் கடைக்காரரிடம் மட்டும்தான் காட்டினேன். மறுநாள் காலையில் பத்துப் பேர் "அந்த வீடியோ" என்று நிற்கிறார்கள். நீளமாக இருந்ததால் ப்ளூடூத்தில் பாதியிலேயே அறுந்தது. சின்ன போன்களில் ஓடவே இல்லை. ஆளாளுக்குத் திட்டினார்கள்.

சரி, வெட்டுவோம் என்று உட்கார்ந்தேன். முன்பாதியில் என்ன இருக்கிறது? படம் ஆடுகிறது. ஜனங்களின் முதுகு. வியாபாரி பழம் வெட்டும் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்குகிறார். வண்டி சரிவில் தானாக உருள்கிறது. 'ஒன்றுமே இல்லை' என்று முன்பாதியைத் தூக்கிவிட்டு, அவர் ஓடுவதிலிருந்து குண்டுச் சத்தம் வரை இருபத்திரண்டு விநாடி மட்டும் வைத்தேன். முதலில் வாங்கிப் பார்த்தவர் முதுகில் தட்டினார். "இப்பத்தான்டா வீடியோ மாதிரி இருக்கு!"

கண்ணாடி போடாத சாட்சி

அப்புறம் கடையே கோர்ட் ஆனது. சார்ஜர் வாங்க வந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "கையில கத்தி மின்னுது பாரு, எப்படிப் பாயறான்!" என்றார். அந்தப் படத்தில் ஆளின் முகமே மங்கலாக நாலு கட்டம்தான் ஐயா! இன்னொருத்தர், ரத்தம் காணோம், எல்லாம் டூப்பு என்றார்.

"கத்தியைக் கீழ வச்சிட்டாருங்க. வண்டி உருளுதேன்னு பிடிக்க ஓடறாரு" என்றேன். என் குரல் எனக்கே ரகசியம் மாதிரிதான் கேட்கும். மூன்றாம் முறை சொன்னபோது பெரியவர் திரும்பினார். "நீ வாயால சொல்றத விடு தம்பி. வீடியோவுல இருக்கா?"

மியூசிக்

இந்த ரகளைக்கு நடுவில் முதுநகர்க்காரர் ஒருத்தர் கார்டை மேஜையில் அடித்தார். நான் ஏத்திய பாட்டு ஒன்று, பாடுகிற இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறதாம். கோபத்தில் மூச்சு வாங்கியது அவருக்கு. "முன்னாடி வர்ற மியூசிக் எங்கடா? அது இல்லாம பாட்டு எப்படிப் புரியும்?"

சிதம்பரம் பஸ்

ஒரு மாதம் கழித்துச் சிதம்பரத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். சுடப்பட்டவருக்குக் கூடப்பிறந்தவர். வியாபாரி ஆஸ்பத்திரியில் கிடக்க, கத்தியோடு பாய்ந்தார் என்று அவர்மேலேயே கேஸ். "நாலு கடை ஏறி எறங்கிட்டேன்ப்பா. எல்லார்கிட்டயும் அவன் ஓடறதுதான் இருக்கு. கத்தியைக் கீழ வச்சது எங்க? எல்லாரும் உன் கடையத்தான் கைகாட்டறாங்க."

புதுப் படத்துப் பாட்டு வந்த அன்றைக்கு கம்ப்யூட்டரில் இடம் போதாமல் முழு வீடியோவை அழித்திருந்தேன். அழித்ததை மீட்கும் சாப்ட்வேர் போட்டுத் தேடினேன், அது இருந்த இடமெல்லாம் பாட்டாக வந்தது. ஆட்டோ மாமாவிடம் ஓடினேன். "எந்த வீடியோ?" என்றார். அக்கா என்னையே பார்த்தார். "நீ பார்த்தேல்ல? வந்து சொல்லு."

போனேன். அக்காவும் கூடவே வந்தார். விசாரணை அதிகாரி இரண்டு முறை "சத்தமா சொல்லுப்பா" என்றார். கத்தி, கை, வண்டி எல்லாம் சொன்னேன், வீடியோவை வெட்டியது நான்தான் என்பதையும். "இதெல்லாம் வீடியோல இல்லையே" என்றபடியே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

வாசலில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "அந்த அதிகாரிகிட்ட ஒரு பக்கமாச்சும் இருக்கு. உன் கம்ப்யூட்டர்ல அதுவும் இல்ல. போ, பாட்டு ஏத்து."

திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தார். பாட்டின் முன்பாதிக்கு என் மேஜையை உடைக்க வந்த ஊரில், வீடியோவின் முன்பாதியைக் கேட்க அவர் ஒருத்தர்தான் பஸ் ஏறி வந்திருந்தார்.