நான் காய்ச்சிய வெயில் களிம்பு

போன வருடம் மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோதுதான் என் தோல் என்னோடு மல்லுக்கு நின்றது. முன்னங்கை, கழுத்து, காதோரம் என்று வெயில் படுகிற இடமெல்லாம் சிவந்து தடித்துப் பொரிப்பொரியாக எழும்பி அரித்தது. வேர்க்குரு என்று நினைத்துப் பவுடரைக் கொட்டினேன். கேட்கவில்லை. தோல் டாக்டரம்மாவிடம் போனபோது வெயில் ஒவ்வாமை என்றார். சிலருக்கு நடுவயதில் திடீரென்று வருமாம். மாத்திரை எழுதினார், வெளியே போகும்போது சன்ஸ்க்ரீன் பூசச் சொன்னார், முடிந்தால் வெயிலிலேயே போகாதீர்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குச் சுருக்கென்றது.

ஏனென்றால் என் வேலையே வெயிலில்தான். பனியன் கம்பெனியில் துணியின் தரம் பார்க்கிறவள் நான். எங்கள் ஆர்டர்களைத் தைத்துக் கொடுக்கும் சின்னச் சின்ன யூனிட்டுகள் பல்லடம் ரோட்டிலும் அவிநாசிபாளையம் பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போய், தைத்துக்கொண்டிருக்கும்போதே பீஸை எடுத்துப் புரட்டிப் பார்த்து, தையல் கோணியிருந்தால் அங்கேயே பிரிக்கச் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். பாதி நாள் ரோட்டில்தான் கழியும். எனக்கு அது உயிர். ஒரு யூனிட்டில் வளைகாப்புச் சாப்பாடு, இன்னொன்றில் மாமியார் சண்டைக்குப் பஞ்சாயத்து, வழியில் இளநீர்க்காரரிடம் ஊர் நியாயம் என்று மனிதர்களோடு மனிதராக இருக்கலாம். கல்யாணமான புதிதில் கம்பெனிக்குள் ஒரே மேஜையில் உட்கார்ந்து பீஸ் பார்த்த காலத்தில் சுவர் கடிகாரத்தை முறைத்து முறைத்தே எனக்குக் கழுத்து சுளுக்கியது.

என் கையைப் பார்த்த மேனேஜர் நல்ல மனுஷர், பதறிப்போனார். பேக்கிங் செக்‌ஷனில் ஏசி அறையில் ஒரு நாற்காலி காலியாகிறது, மாதம் பிறப்பதற்குள் யோசித்துச் சொல்லுங்கள் அம்மணி என்றார். கேட்டவர்கள் எல்லாரும் உனக்கென்ன, யோகம்தான் என்றார்கள். எனக்கோ ஆயுள் தண்டனை விதித்த மாதிரி இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு சாயப்பட்டறையில் கலர் பார்க்கிறவர். வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துண்டுத் துணியின் நிறமும் இங்கே சாயம் ஏற்றிய துணியின் நிறமும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்லும் வேலை. நிறத்தைப் பற்றிக் கேட்டால் நாளெல்லாம் பேசுவார். மற்றதற்கெல்லாம் வாயில் கொழுக்கட்டைதான்.

"போனாப் போகுது புள்ள. ஏசில உக்காந்துக்கறதுக்கு என்ன வலி?" என்றார்.

"ஏசில வெக்கறதுக்கு நான் என்ன ஐஸ்கிரீமுங்களா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

டாக்டரம்மா சொன்னபடி சன்ஸ்க்ரீன் வாங்காமல் இல்லை. எது வாங்குவது என்று அவரிடம் கேட்காமல், பேன்சி கடையில் விளம்பரத்தில் பார்த்த ஒரு ட்யூபை வாங்கினேன். திறந்தால் ரோஜாப்பூ மாலை வாசம். பூசினால் வெயிலே படாத கன்னமும் சேர்ந்து அரித்தது. போதுமடா சாமி, கெமிக்கலே வேண்டாம், இயற்கையாக வீட்டிலேயே செய்துகொள்கிறேன் என்று செல்போனைத் திறந்தேன். அதில் ஒரு பெண் அழகான கண்ணாடிக் கிண்ணங்களை வைத்துக்கொண்டு, கேரட் விதை எண்ணெயும் கற்றாழையும் தேங்காய் எண்ணெயும் கலந்தால் வெயில் கிட்டவே வராது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் முகத்தில் வெயில் பட்ட அடையாளமே இல்லை. அவள் வீட்டை விட்டு வெளியே போகிறவளா என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

கேரட் விதை எண்ணெய்க்கு நான் எங்கே போவது? கேரட்டையே துருவித் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சினேன். அல்வா கிண்டுகிறீர்களா என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. வடிகட்டி, கற்றாழைச் சோறு சேர்த்து அடித்தபோது இளமஞ்சளாக, பார்க்கவே ஆசையாக ஒரு களிம்பு திரண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்காரர் அதை விரலில் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். நல்லாத்தான் இருக்கு, ஆனால் டெஸ்ட் பண்ணாமல் எப்படி என்றார். எங்கள் ஊரில் இது ஒரு வியாதி. சாயம் போகுமா, சுருங்குமா, இழுத்தால் கிழியுமா என்று பார்க்காமல் ஒரு கைக்குட்டையைக்கூட வெளியே அனுப்ப மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பட்டறைக்கே கூட்டிக்கொண்டு போனார். அங்கே லேப்பில் அலமாரி மாதிரி ஒரு லைட் பாக்ஸ் இருக்கிறது. பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு விளக்கு என்று விதவிதமான லைட்டைப் போட்டுத் துணியின் நிறத்தைப் பார்ப்பார்கள். அதில் யுவி லைட்டும் உண்டு. வெள்ளைத் துணிக்கு ஏற்றுகிற வெளுப்பு மருந்து அந்த லைட்டில் நீலமாகப் பளீரென்று மின்னும். மருந்து எல்லா இடத்திலும் சரியாக ஏறியிருக்கிறதா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். வெயிலில் நம் தோலைச் சுடுவதும் இந்த யுவிதான் என்று விளக்கிவிட்டு, வெள்ளைத் துணியில் என் களிம்பை ஒரு பட்டையாக இழுத்தார்.

"இது யுவியத் தடுக்குதுன்னா, பூசுன எடம் மின்னக் கூடாது. கருப்பாத் தெரியோணும்."

லைட்டைப் போட்டார். துணி மின்னியது. களிம்பு பூசிய இடமும் கூடச் சேர்ந்து மின்னியது. மஞ்சள் படிந்த இடம் ஒரு சாயல் மங்கியிருந்தது, அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ரோஜா ட்யூபிலிருந்து ஒரு பொட்டு வைத்தார். அது மை வைத்த மாதிரி கறுத்து நின்றது. என் கேரட் களிம்பை அப்படியே சாக்கடையில் கொட்டலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பிரிண்டிங் பட்டறையில் பனியனில் படம் அடிக்கும் வெள்ளைப் பேஸ்ட் இன்னும் நன்றாகத் தடுக்கும் என்று யோசனை சொன்னார். என் மூஞ்சியில் என்ன, லோகோ அடிக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். அதோடு விட்டுவிட்டார்.

அடுத்த முறை தேன்மெழுகை உருக்கி, தேங்காய் எண்ணெய் ஊற்றி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஜிங்க் ஆக்சைடு பொடியைச் சலித்துச் சேர்த்தேன். சலிக்கும்போது அது காற்றில் எழும்ப, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டேன். இட்லி மாவு பதத்துக்கு வந்த களிம்பை அவர் லைட் பாக்ஸில் பார்த்தார். பூசிய இடம் முழுக்கக் கறுப்பு. ஓரம் வெட்டிய மாதிரி சுத்தமான கறுப்பு. அவர் தலையாட்டினார். பட்டறையில் ஒரு கலர் சரியாக வந்துவிட்டால் ஆட்டுகிற அதே தலையாட்டல். அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் களிம்பைப் பூசிக்கொண்டு, வழக்கமான மெல்லிசுக் கையுறையை மாட்டி, துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு உச்சி வெயிலில் அவிநாசிபாளையம் யூனிட்டுக்குப் போனேன். துப்பட்டாவை அவிழ்த்ததும், வெள்ளையடித்த முகத்தைப் பார்த்து, பேய் வந்த மாதிரி இருக்கிறீர்கள் என்று அங்கே தைக்கிற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொழுதோடு வீட்டுக்கு வந்து களிம்பைக் கழுவியபோது சிரிப்பெல்லாம் போய்விட்டது. கை முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிவந்து எழும்பியிருந்தது. நடுவில் சில இடங்கள் மட்டும் நல்ல தோல். மாதம் பிறக்க அதிக நாள் இல்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த ஏசி நாற்காலி எனக்காகவே காத்திருப்பது போலத் தோன்றியது.

வீட்டுக்காரருக்கு அது என்னைவிடப் பெரிய அடி. டெஸ்ட்டில் பாஸான சரக்கு எப்படித் தோற்கும்? மறுபடியும் பட்டறைக்குப் போனோம். இந்த முறை நான் அவருடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், என் கையில் பூசிய மாதிரியே தேய்த்துப் பூசினேன். அவர் துணிக்குப் பதிலாகத் தன் கையையே லைட் பாக்ஸுக்குள் நீட்டினார். பொடி திரண்டு கட்டியாக நின்ற இடம் கறுப்பாகவும், மற்ற இடமெல்லாம் தடுப்பே இல்லாமல் வெளிறிய ஊதாவாகவும் தெரிந்தது.

"திட்டுத் திட்டா இருக்குது புள்ள. இப்பிடி ஒரு துணி வந்தா நான் பட்டறைய உட்டு வெளியவே உடமாட்டன்," என்றார்.

துணியில் அவர் களிம்பைப் பட்டையாக, தடிமனாக இழுத்திருந்தார். துணி அசையாது, வியர்க்காது. நானோ கையில் தேய்த்துத் தேய்த்து மெல்லிசாக்கி, அதன்மேல் வியர்வையில் நனைந்து, பொழுது சாயும் வரைக்கும் மறுபடி பூசாமல் இருந்திருக்கிறேன். தோலையும் துணியாகவே நினைத்து டெஸ்ட் பண்ண எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

அப்படியானால் நாற்காலிதானா என்று நான் கேட்டதற்கு அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீ ரோட்டுல சுத்தீட்டு வந்தாத்தான் ஊட்டுல பேச்சுச் சத்தம் இருக்குது. டாக்டரம்மாவ இன்னொருக்காப் பாத்துட்டு வரலாம் வா."

இத்தனை வருடத்தில் நிறத்தைத் தவிர மற்றதைப் பற்றி அவர் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

டாக்டரம்மா தெற்கத்திப் பக்கத்துக்காரர். நாங்கள் லைட் பாக்ஸ் கதையைச் சொல்லச் சொல்லப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். யோசனை சரி, ஆனால் வீட்டில் எவ்வளவு கலக்கினாலும் அந்தப் பொடி எல்லா இடத்துக்கும் ஒன்றுபோலப் பரவாது, அதனால் அதை நம்பி வெயிலில் இறங்கக் கூடாது என்றார். வாசனை சேர்க்காத ஒரு ட்யூபின் பெயரை எழுதித் தந்தார். கஞ்சத்தனம் பண்ணாமல் தாராளமாகப் பூச வேண்டும், வியர்த்தால் மறுபடி பூச வேண்டும் என்றார். பிறகு நான் மேஜையில் கழற்றி வைத்திருந்த கையுறையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்தார். அதன் வழியாக எதிர்க்கடைப் போர்டே தெரிந்தது.

"ஊரு பூரா துணி தைக்கிறீங்க. உலகத்துக்கே துணி அனுப்புறீங்க. வெயிலுக்குத் துணியத் தேடாம தேங்கா எண்ணெயத் தேடியிருக்கீங்களேம்மா," என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தறியும் தையலுமாக இருக்கிற ஊரில், ஒருத்தி துணியின் தரம் பார்க்கிறவள், ஒருத்தர் அதன் கலரைப் பார்க்கிறவர். இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

அந்த வாரம் வீடு முழுக்கத் துண்டுத் துணி. அவர் கட்டிங் மிச்சங்களைக் கேட்டு வாங்கி வந்து, வெள்ளைத் துணியின் மேல் ஒவ்வொன்றாக இழுத்து வைத்து லைட் பாக்ஸில் பார்த்தார். சாதாரணப் பனியன் துணி, இழுத்தால் பின்னலின் கண் திறந்து, அடியில் இருக்கும் வெள்ளை மின்னியது. இரட்டைப் பின்னலில் நெருக்கமாக ஓடிய கருநீலத் துணி ஒன்று மட்டும் எவ்வளவு இழுத்தும் ஒரு பொட்டு வெளிச்சத்தைக்கூட விடவில்லை. அதில் நான் தோள் வரைக்கும் வருகிற தொளதொளப்பான கைத்துணிகளும், கழுத்தையும் காதையும் மூடுகிற ஒரு முகமூடியும் தைத்தேன். இறுக்கமாகத் தைத்தால் துணி இழுபடும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தைத்து முடித்ததை அவர் எடுத்துத் தையல் தையலாகப் பார்த்தார். என் வேலையை என்னிடமே காட்டுகிறீர்களா என்று பிடுங்கிக்கொண்டேன். ஜிங்க் களிம்பை ஓரங்கட்டிவிட்டு, அதற்கு முன்னால் காய்ச்சியதில் மீதமிருந்த கேரட் எண்ணெயைப் பாதவெடிப்புக்கு வைத்துக்கொண்டேன். அதற்கு அது நன்றாகவே கேட்கிறது.

மாதம் பிறப்பதற்கு முந்தின வாரம் முழுக்க, ட்யூபைப் பூசி, புதுத் துணியை மாட்டிக்கொண்டு எல்லா யூனிட்டுக்கும் போனேன். ஒவ்வொரு யூனிட்டிலும் இறங்கி நிழலில் நின்று கைத்துணியைச் சுருட்டிப் பார்ப்பேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. நம்பவில்லை. அடுத்த நாளும் ஒன்றும் இல்லை. கடைசி நாள் மத்தியானம் அவிநாசிபாளையத்திலிருந்து நேரே கம்பெனிக்கு வந்து, முகமூடியைக்கூடக் கழற்றாமல் மேனேஜர் அறைக்குள் போனேன். அவர் ஒரு நொடி யாரோ என்று பயந்துவிட்டார். நான் கைத்துணியை உருவிவிட்டு, இரண்டு கையையும் அவர் மேஜைமேல் நீட்டினேன்.

வேர்வையில் நனைந்து, வழக்கமான என் மாநிறத்தில், ஒரு பொரிகூட இல்லாமல் இருந்தன கைகள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பீஸைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி, கையைத் திருப்பச் சொல்லி உள்பக்கமும் பார்த்தார். அப்புறம் நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"காங்கயம் ரோட்டுல புதுசா ஒரு யூனிட்டு புடிச்சிருக்கறமுங்க அம்மணி. தூரம் கொஞ்சம் எச்சு. நாளைக்குக் காத்தால போய்ப் பாத்துட்டு வந்தர்றீங்களா?"

போயிட்டு வாரனுங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஸ்கூட்டர் சீட் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. உட்கார்ந்ததும் எங்கிருந்துதான் வந்ததோ, கண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில்தான். அது முகத்தில் பூசியிருந்ததைக் கரைத்துக் கண்ணுக்குள் இறங்க, கண் இரண்டும் காந்தின. காந்தட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பையிலிருந்து ட்யூபை எடுத்து, ஸ்கூட்டர் கண்ணாடியைப் பார்த்து முகமூடியை இறக்கிக் கன்னத்தில் தாராளமாக மறுபடி பூசி, கைத்துணியையும் முகமூடியையும் சரியாக மாட்டிக்கொண்டு, வெயிலுக்குள் வண்டியை விட்டேன்.