ஒடுக்கமான கடலும் ஒரு போத்தல் பெற்றோலும்

பிள்ளைகளே, உங்கள் அக்கா பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வாரம் உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு ஒவ்வொரு நாளும் நினைவிருக்கிறது.

எங்கோ ஒரு கடலில் நாடுகள் முறைத்துக்கொண்டு நின்றன. எண்ணெய்க் கப்பல்கள் வரும் வழி அங்கே ஒடுக்கமாம். அக்காவின் தேசப்படப் புத்தகத்தில் தேடினேன்; என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிட்டது. கப்பல் வராவிட்டால் நிலத்தில் குழாய் போட்டு அனுப்பலாமே என்று வானொலியில் ஒருவர் கேட்டார். அந்தக் குழாய் யாருடைய நாட்டு வழியாகப் போவது என்பதிலும் சண்டையாம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதற்கு மேல் விளங்கவில்லை. பதுளை நகரில் பெற்றோல் இல்லை, எங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் பஸ்ஸும் ஓடவில்லை என்பது மட்டும் விளங்கியது.

கணிதப் பரீட்சை நாளுக்கென்று ஒரு போத்தல் பெற்றோலைக் கோழிக்கூட்டின் பின்னால் ஒதுக்கி வைத்திருந்தேன். பரீட்சைக்கு முதல்நாள் காலை, கப்பல் கொழும்புக்கு வந்துவிட்டது என்று வானொலி சொன்னது. அப்படியானால் நாளைக்கே பதுளைக்கும் வந்துவிடும் என்று நம்பி, அதை என் ஓட்டோவில் ஊற்றிக்கொண்டு பக்கத்து லயத்து வரிசைவீட்டுக் கல்யாணத்துக்கு மரக்கறி ஏற்றப் போனேன். மாலையில்தான் சொன்னார்கள், கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறதாம், எண்ணெய் இறக்க நாளாகுமாம்.

"ரேடியோக்காரன் சொன்னான்னு இருந்ததையும் ஊத்திட்டீங்களே! புள்ளைய அவனா கூட்டிட்டுப் போவான்?" என்றார் உங்கள் அம்மா.

விடிந்ததும் வண்டியை ஆட்டிப் பார்த்தேன். பெற்றோல் தாங்கியின் அடியில் கொஞ்சம் சலசலத்தது. பதுளைக்குப் பெரும்பாலும் இறக்கம். எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டே இறங்குவது அந்த நாட்களில் எங்கள் ஓட்டோக்காரர்கள் எல்லோரும் செய்ததுதான். ஆபத்தான வேலை, நீங்கள் செய்யாதீர்கள். நடுவில் ஒரே ஒரு ஏற்றம். அதற்கு மட்டும் போதும் என்று நினைத்து, அக்காவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

போதவில்லை. ஏற்றத்தின் பாதியில் எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது.

"நடந்தா போயிரலாமாப்பா?" என்றாள் அக்கா. நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்து அனுப்பப்பட்ட பெண்கள் அப்போது கூடையோடு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்னாண்ணே, வண்டி படுத்துக்கிச்சா?"

"பெட்ரோல் இல்லம்மா. புள்ளைக்குப் பரீட்சை."

"அத மொதல்ல சொல்றதுக்கென்ன? ஏய், கூடைய எறக்குங்கடி!"

"கங்காணி கத்துவாருக்கா."

"கத்தட்டும். அவரும் வந்து தள்ளட்டும்."

ஆறேழு பேர் தள்ளினார்கள். "மார்க்கு கொறஞ்சிச்சு, திரும்பக் கீழயே தள்ளி விட்ருவோம், பாத்துக்க!" என்று ஒருத்தி சீண்ட, அக்கா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேட்டைத் தாண்டியதும் பிரேக்கில் காலை வைத்தபடியே பதுளை வரை உருட்டினேன். அக்கா இறங்கி ஓடினாள். அவள் உள்ளே நுழைந்த கையோடு மண்டபக் கதவைச் சாத்தினார்கள்.

பரீட்சை முடிந்ததும் ஓட்டோவைப் பதுளையிலேயே விட்டுவிட்டு இருவரும் மலையேறி நடந்தோம். கடைசிக் கணக்கை எப்படிச் செய்தாள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இன்று காலையும் வானொலியில் அந்தக் கடலைப் பற்றிச் சொன்னார்கள். அடுத்த மாதம் உங்களுக்குப் பரீட்சை. கோழிக்கூட்டின் பின்னால் போத்தல் இருக்கிறது. கப்பல் வந்துவிட்டது என்று யார் சொன்னாலும், இந்தத் தடவை அதைத் தொடமாட்டேன்.