பாயின் இடது விலா

சட்டையை இரண்டு விரலால் கிள்ளி, உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற பாயைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறேன். திருவண்ணாமலை பேருந்து நிலையம், காலை முதல் நடை. நான் ஓட்டுநர், அவர் நடத்துனர். கீழ்பென்னாத்தூர் தடத்தில் பல வருஷம் ஒன்றாக ஓடியவர்கள். மற்ற நடத்துனர்கள் விசில் ஊதுவார்கள், பாய் அதட்டுவார். அவர் குரலுக்கு மல்லாட்டைக் கடலை மூட்டைகூடத் தானாக நகர்ந்து வழிவிடும் என்று கேலி செய்வேன். அப்படிப்பட்டவர் அன்று குரலே எழாமல், "டிரைவரே, துணி பட்டாலே நெருப்பு வெச்ச மாதிரி இருக்குதுப்பா" என்றார்.

இடது விலாவில் அக்கி வந்திருந்தது. காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டார், ஆஸ்பத்திரியிலும் காட்டினார். கொப்புளம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. எரிச்சல் மட்டும் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரனைப் போல அங்கேயே தங்கிவிட்டது. நடத்துனர் பையின் வார் சரியாக அந்த இடத்தில்தான் உராயும். யாரோ ஒரு டாக்டர் அபின் இனத்து வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் வலி கொஞ்சம் மங்கியது, பாய் அதைவிட ஜாஸ்தியாக மங்கினார். கண் செருகி, படிக்கட்டு ஓரத்தில் தள்ளாடினார். கிளை மேலாளர் கூப்பிட்டு, "பையை மாட்ட முடியலைன்னா டிப்போவுலயே உக்காந்துடுங்க பாய்" என்று சொல்லிவிட்டார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெறுவதைவிடப் பாய்க்குப் பெரிய அவமானம் கிடையாது.

பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வேறு வழி சொன்னார். அக்கி போன பிறகும் நரம்பு காரணமில்லாமல் கத்திக்கொண்டிருக்கிறது, அதை அடக்க அபின் வேண்டாம் என்று சின்ன மாத்திரை ஒன்றை எழுதினார். ராத்திரியில் ஒன்று, பலன் தெரியச் சில வாரம் ஆகும். வினை மருந்துக்கடையில் காத்திருந்தது. சீட்டைப் பார்த்த கடைக்காரன், "என்னா பாய், இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதாச்சே?" என்றான். கேட்டானே ஒரு கேள்வி! பாய் மாத்திரையை வாங்காமலே திரும்பிவிட்டார். "எனக்கு நோவு விலாவுல, மண்டையில இல்ல" என்று என்னிடம் வந்து கத்தினார். அந்தக் கடைக்காரன் வாயைத் தைத்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

மறுநாளே அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரன் சொன்னதைக் கேட்டும் டாக்டரம்மா கோபப்படவில்லை. "மொதல்ல மனச்சோர்வுக்குத்தான் குடுத்தாங்க பாய். கம்மி அளவுல குடுத்தா நரம்பு வலியும் அடங்குதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. உங்களுக்கு இது வலிக்கு மட்டுந்தான்" என்றார். பாய் என் பக்கம் திரும்பி, "நம்ம வண்டி மாதிரின்றாங்க டிரைவரே. தெனம் கீழ்பென்னாத்தூர் போர்டு மாட்றோம், பௌர்ணமின்னா கிரிவலம் ஸ்பெஷல் போர்டு மாட்றோம். வண்டி ஒண்ணுதானே?" என்றார். எங்கள் சிநேகத்தில் அவர் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. வாய் வறண்டது, காலையில் தலை கனத்தது, அதற்கெல்லாம் திட்டு எனக்குத்தான் விழுந்தது. டாக்டரம்மா அளவைப் பார்த்துப் பார்த்து மாற்றினார். முதலில் தூக்கம் பிடித்தது. பிறகு ஒரு நாள் டீ குடிக்கும்போது கவனித்தேன், சட்டையைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியிருந்தது. எரிச்சல் முழுசாக ஒழியவில்லை. ஆனால் சொல்பேச்சைக் கேட்கிற அளவுக்கு அடங்கிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

பாய் பையை மாட்டியபடியேதான் ஓய்வு பெற்றார். இப்போது என்னோடு வரும் நடத்துனர் நல்ல பையன், குரல்தான் போதாது. பாய்க்கு எரிச்சல் அடங்கிய பிறகு நாங்கள் ஓட்டிய பௌர்ணமி ஸ்பெஷலைப் பற்றி அவனிடம் சொல்லிச் சொல்லி அலுக்கவைத்திருக்கிறேன். மூச்சுவிட இடமில்லாத கூட்டம். கண்ணாடியில் பார்க்கிறேன், கனத்த ஆள் ஒருவர் தடுமாறி முழு உடம்போடு பாயின் இடது விலாவில் சாய்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த ஆள் பதறி விலகப் பார்க்க, வண்டியே அதிரும்படி பாய் அதட்டினார்:

"எங்க நவுர்றீங்க? நல்லா ஒட்டி நில்லுங்க! என் மேலயே சாஞ்சுக்கங்க, இன்னும் பத்து பேர் ஏறணும்!"